சதுரங்கத்தில் அரசன் பாய்ச்சல்

சதுரங்கப் பலகையின்மேல் அணிவகுத்து நிற்கும் முப்பத்திரண்டு காய்களுள், வெட்டுண்டு பெட்டிக்குள் செல்லாதவை இரண்டே. அவை இரு தரத்து அரசர்கள். ஆட்டம் முழுவதும் அவர்பொருட்டே நடைபெறுகின்றது. ஆயினும் அவர்தம் நடையோ ஓரடி நடை. யானை ஒரு கோடியினின்று மறு கோடிக்கு ஓடும். குதிரை பிறர் தலைமேல் தாவும். மந்திரியின் ஆற்றலைச் சொல்ல வேண்டுவதில்லை. அரசன் மட்டும் எத்திசையிலும் ஒரு கட்டத்துக்கு மேற் செல்லான். காக்கப்பட வேண்டியவன் விரைவின்றியும், அவனைத் தாக்குவோர் விரைவுடையராயும் இருத்தலின், ஆட்டத்தை வகுத்தோர் பல நாட்டிலும் அரசனுக்குத் தனிச்சலுகை ஒன்று நல்க நேர்ந்தது. அச்சலுகையை வகுக்குங்கால் எவ்வெவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதே ஈண்டு யான் எடுத்துக்கொண்ட பொருள். இப்பொருளின்மேல் என் மனம் சென்றதற்குக் காரணமாயிருந்தது என் பிழையொன்று. அதனை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையினின்று பெசன்ட் நகரில் உள்ள எங்கள் இல்லத்துக்கு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. மாலைதோறும் வேளாங்கண்ணி மாதா கோயிலின் மணியோசை கேட்டபின் இருவரும் எலியட்ஸ் கடற்கரைக்கு நடந்து செல்வோம். அங்கே, 1930-ஆம் ஆண்டில் நீரில் மூழ்கியவரைக் காக்கச் சென்று தம்முயிர் நீத்த கார்ல் ஷ்மித் என்பாரின் நினைவு மண்டபம் வெண்ணிறமாய் நிற்கிறது. அதனருகில் ஒரு தாழ்ந்த சுவரின்மேல் பலகையை விரித்து ஆடுவது எங்கள் வழக்கம். சென்ற கோடையில் ஒருநாள், ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்துக்குள், பாட்டனார் தம் அரசனை எடுத்துக் குதிரை பாய்வதுபோலப் பாய்ச்சி அடுத்த வரிசையில் வைத்தார். யான் பலர் கேட்க நகைத்து, “தாத்தா, அது அரசன், குதிரையன்று” என்றேன். பக்கத்தில் நின்ற பிள்ளைகளும் நகைத்தனர். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அரசனைப் பழைய கட்டத்தில் வைத்துவிட்டு, காற்று மிகுதியாயிருக்கிறதென்று சொல்லிக் காய்களைப் பெட்டியிலிட்டார். அதன்பின் ஒரு திங்கள்வரை பலகையைத் தொடவில்லை.

மூப்பினால் நேர்ந்த மறதி என்றே எண்ணியிருந்தேன். பின்னர் நூல்நிலையத்தில் எச். ஜே. ஆர். மரே என்பார் 1913-ஆம் ஆண்டில் வெளியிட்ட சதுரங்க வரலாற்றைப் புரட்டியபோதுதான், மறதி என்னுடையது, அவருடையதன்று என்பது விளங்கிற்று. இந்திய நாட்டில் வழங்கிய சதுரங்க வகைகள் பலவற்றிலும், அரசன் ஆட்டத்தில் ஒரேமுறை குதிரைபோலப் பாயலாம் என்பது விதி. அவன் அதற்குமுன் செக்கு என்னும் முற்றுகைக்கு ஆளாகியிருத்தல் கூடாது என்பது அதற்குரிய கட்டுப்பாடு. கோட்டை கட்டுதல் அவ்வாட்டங்களில் இல்லை. பாட்டனார் தம் சிறுபிராயத்தில் தம் ஊர்த் திண்ணையிற் கற்ற விதியையே கடற்கரையிற் கையாண்டார்.

வாசகர் குழப்பமின்றிப் படித்தற்பொருட்டுக் காய்களின் பெயர்களை எம் இல்லத்து வழக்கப்படியே வழங்குவேன். அரசனுக்கு அருகில் மந்திரி. இன்று பள்ளிப் பிள்ளைகள் ராணி என்பர். இரு கோடியிலும் யானை, அடுத்துக் குதிரை, அதற்கடுத்து ஆங்கிலேயர் பிஷப் என்று பெயரிட்ட காய், முன்வரிசையில் எட்டுக் காலாட்கள். (பிஷப் நேரே நடவாமற் குறுக்கே நடப்பதேன் என்று வினவினால், நம் திருச்சபை வரலாறு படித்தவர் அவ்வாறு கேட்கமாட்டார் என்பது பாட்டனாரின் விடை. அத்தியட்சர்மார் பொறுத்தருள்க.) வெள்ளையின் இடக்கோடி தொடங்கிப் பத்திகளுக்கு ஏ முதல் எச் வரையும், வரிசைகளுக்கு 1 முதல் 8 வரையும் பெயராதலின், வெள்ளை அரசன் முதலில் நிற்கும் கட்டம் ஈ1 ஆகும்.

இனி இப்பாய்ச்சலின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இது நம் நாட்டுக்கே உரியதென்று பெருமை கொள்ளவும் இயலாது. கம்போடிய நாட்டுச் சதுரங்கத்தில் இன்றும் அரசன் தன் முதல் நகர்வில் குதிரைப் பாய்ச்சல் பாயலாம். இடைக்கால ஐரோப்பாவிலும் அரசனுக்கு ஒருமுறை தாவும் உரிமை இருந்தது. சில இடங்களில் இரண்டு கட்டம் நேரே தாவுவான், சில இடங்களில் குதிரைபோலவும் தாவுவான். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மந்திரியும் பிஷப்பும் இன்றுள்ள நெடுநடையைப் பெற்றபின், அரசனுக்கு ஆபத்து பன்மடங்காயிற்று. அதன்பிறகே அத்தாவல், யானையையும் உடன் நகர்த்தும் கோட்டை கட்டுதலாக மெல்ல மெல்ல உருமாறிற்று. அதுவும் உடனே எங்கும் ஒருபடித்தாய் அமைந்துவிடவில்லை. இத்தாலி நாட்டில் 19-ஆம் நூற்றாண்டுவரை கோட்டை கட்டும் முறை வேறாகவே இருந்தது. ஆகவே, பாட்டனாரின் பாய்ச்சலும் யான் பயின்ற கோட்டையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்; ஒன்று திண்ணையிலேயே தங்கிவிட்டது, மற்றொன்று சட்டநூலில் ஏறிற்று என்பதே வேற்றுமை. சீனர் வேறு வழி கண்டனர்: அவர்தம் தலைவன் ஒன்பது புள்ளிகள் கொண்ட அரண்மனையை விட்டு வெளியே வாரான், ஆயின், இடையில் காயொன்றுமின்றி இரு தலைவரும் ஒரே நெடுங்கோட்டில் எதிரெதிரே நிற்றல் கூடாது. பார்வையே படைக்கலமாகும் அவ்விதி தனியே ஆராயத்தக்கது.

நம் நாட்டு விதிகளிற் பயின்றவர் உலக அரங்கில் எவ்வாறு விளங்கினர் என்பதற்குச் சான்று மீர் சுல்தான் கான். பஞ்சாப் நாட்டினரான இவர் இந்தியச் சதுரங்கத்தையே கற்று வளர்ந்து, பின்னர் மேனாட்டு விதிகளைப் பயின்று, 1929-இல் பிரிட்டனின் வாகையர் பட்டத்தை வென்றார். 1932-லும் 1933-லும் மீண்டும் வென்றார். அவருடைய இறுதியாட்டத் திறமை வியக்கப்பட்டது. தொடக்க ஆட்டமே அவருக்கு இடர் விளைத்தது. விரைவிற் கோட்டை கட்டி விரைவிற் போர் தொடங்கும் ஆட்டத்தில், நிதானமாக அணிவகுத்துப் பழகியவர் இடர்ப்படுதல் இயல்பே. அவர் 1966-இல் மறைந்தார். உலகச் சதுரங்கக் கழகம் 2024-ஆம் ஆண்டில்தான் அவருக்குக் கிராண்ட்மாஸ்டர் என்னும் சிறப்புப் பட்டத்தை வழங்கிற்று.

தமிழ்நாட்டில் பழைய விதி மறைந்து புதிய விதி வேரூன்றியதற்கு மானுவேல் ஆரோன் அவர்களின் உழைப்பு பெரிதும் காரணம். 1935-இல் பர்மாவிற் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த இவர் 1961-இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். நாட்டு வாகையர் பட்டத்தை ஒன்பது முறை வென்றார். 1960-களில்கூட ஊர்தோறும் அரசன் பாய்ச்சல் முதலான உள்நாட்டு விதிகள் வழங்கிவந்தன. உலகத்தோடு ஆட வேண்டுமாயின் உலகத்தின் விதிகளை ஆட வேண்டும் என்று வற்புறுத்திக் கழகங்கள் கண்டவர் இவர். 1972-இல் சென்னைச் சோவியத் பண்பாட்டு நிலையத்தில் அமைந்த தால் சதுரங்கக் கழகம் அவர் முயற்சியின் பயனே. விசுவநாதன் ஆனந்த் சிறுவனாய்ப் பயின்றது அங்கேதான். அவ்வழியே 2024-இல் சென்னை இளைஞர் குகேஷ் பதினெட்டு வயதில் உலக வாகையர் ஆனது வரை வந்துநிற்கிறோம். பழைய விதியைக் கைவிட்டது பிழையென்று சொல்ல எனக்கு நாவெழவில்லை. ஆயின் கைவிட்டதை அறியாமை என்று நகைத்தது பிழை, அதுவும் இந்நகரத்தில்.

ஏனெனின், இன்று உலகின் பெரிய ஆட்டக்காரர்களே அரசனுக்குரிய விதியைத் திருத்தப் புகுந்துள்ளனர். பாபி பிஷர் 1996-இல் ஓர் ஆட்டத்தை அறிவித்தார். அதில் பின்வரிசைக் காய்கள் 960 வகையாய் மாறி மாறி நிற்கும். ஆயினும் அரசன் இரு யானைகளுக்கும் இடையிலேயே நிற்றல் வேண்டும். எங்கு நின்றானாயினும் கோட்டை கட்டியபின் வழக்கமான சி அல்லது ஜி பத்தியையே அடைவான். எல்லாவற்றையும் கலைத்த பிஷரும் அரசனது புகலிடத்தைக் கலைக்கத் துணியவில்லை. அதற்கு நேர்மாறாக, முன்னாள் உலக வாகையர் கிராம்னிக் 2019-இன் இறுதியில் கோட்டை கட்டுதலையே அகற்றிவிட வேண்டுமென்று எழுதினார். அரசன் எளிதில் ஒளிந்துகொள்வதால் ஆட்டங்கள் மனப்பாடமாகிச் சமனில் முடிகின்றன என்பது அவர் கருத்து. அவ்விதிப்படி நடந்த முதற் போட்டி எங்கே நடந்ததெனின், நம் சென்னையில்தான். 2020-ஆம் ஆண்டு ஜனவரியில். ஆட்டங்களிற் பெரும்பாலானவை வெற்றி தோல்வியில் முடிந்தன. 2021-ஆம் ஆண்டு ஜெர்மனி நாட்டு டார்ட்மண்ட் நகரில் ஆனந்தும் கிராம்னிக்கும் அவ்விதிப்படியே நான்கு ஆட்டங்கள் ஆடினர். ஆனந்த் இரண்டரைக்கு ஒன்றரை என்ற கணக்கில் வென்றார். கணிப்பொறி வல்லுநர் 2020-இல் இவ்விதி உட்பட ஒன்பது மாற்று விதிகளைத் தாமே கற்கும் பொறியொன்றினிடம் ஒப்புவித்து ஆராய்ந்தனர். அவ்வொன்பதில் எங்கள் பாட்டனாரின் பாய்ச்சல் இல்லை!

கோட்டையும் வேண்டாம், அரசன் நடுவெளியில் நின்று மடியவும் வேண்டாம் என்றால், இடைப்பட்ட வழி ஒருமுறைப் பாய்ச்சல்தானே? இவ்வெண்ணத்தோடு ஒருநாள் மாலை யானே பலகையை எடுத்துக்கொண்டு பாட்டனாரிடம் சென்று, “தாத்தா, உங்கள் ஊர் விதியைச் சொல்லுங்கள்; எழுதிக்கொள்கிறேன்” என்றேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “எந்த ஊர் விதி, ஐயா? ஆற்றுக்கு இக்கரையில் ஒன்று, அக்கரையில் ஒன்று” என்றார். உண்மையில் அதுவே எங்கள் முதற் பாடமாயிற்று. பாய்ச்சல் என்னும் சொல் ஒன்று. அதனுள் அடங்கிய விதிகள் பல. ஒவ்வொன்றையும் ஆடிப் பார்த்தே துணிதல் வேண்டும். இன்றைய உலக விதிகள் அனைத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, கோட்டையை மட்டும் நீக்கி, அதனிடத்தில் பாய்ச்சலை வைத்து ஆடத் தொடங்கினோம்.

முதலில், கோட்டைக்கும் பாய்ச்சலுக்கும் உள்ள வேற்றுமையைக் கட்டங்களின் கணக்கிலேயே காணலாம். ஈ1-இல் நிற்கும் அரசன் பாயத்தக்க கட்டங்கள் நான்கு: சி2, டி3, எஃப்3, ஜி2. நடுவில் உள்ள டி3-உம் எஃப்3-உம் அரசனுக்கு உகந்தவையல்ல. சி2-உம் திறந்த வெளியே. ஆகவே பெரும்பாலும் அவன் நாடுவது ஜி2. அங்கே நிற்கும் காலாள் ஓரடி முன்சென்று இடம் விட்டாலன்றி அதுவும் இயலாது. கோட்டை கட்டிய அரசன் மூன்று காலாட்களுக்குப் பின்னே முதல் வரிசையில் ஒளிகின்றான். பாய்ந்த அரசனோ காலாட்களின் வரிசையிலேயே அவர்களோடு தோள் சேர்ந்து நிற்கின்றான். மேலும், கோட்டை ஒரே நகர்வில் யானையையும் வெளிக்கொணரும்; பாய்ச்சலுக்குக் காலாளுக்கொரு நகர்வு, அரசனுக்கொரு நகர்வு, யானைக்கொரு நகர்வு என மூன்று செலவாகும்.

இவற்றினும் நுட்பமானது நிறத்தின் செய்தி. கோட்டை கட்டுபவன் ஈ1 என்னும் கருங்கட்டத்தினின்று ஜி1 அல்லது சி1 என்னும் கருங்கட்டத்துக்கே செல்கின்றான். குதிரைப் பாய்ச்சலோ எப்போதும் நிறம் மாற்றும், ஜி2 வெண்கட்டம். அன்றியும் அஃது ஏ8 மூலையினின்று எச்1 மூலைக்கு ஓடும் நெடுங்குறுக்கின்மேல் உள்ளது. எதிரி தன் பி பத்திக் காலாளை ஓரடி நகர்த்தி, பிஷப்பைப் பி7-இல் வைத்துவிட்டால், அக்குறுக்கு திறந்திருக்கும் வரை அரசன் ஜி2-இல் இறங்கவே இயலாது. தாக்கப்படும் கட்டத்தில் அரசன் கால் வைத்தலாகாது என்பது பொது விதியன்றோ? எஃப்3-இல் ஒரு குதிரையை நிறுத்தி மறைத்துக்கொண்டு பாயலாம். பாய்ந்தபின் அக்குதிரை அசையமுடியாமல் கட்டுண்டு நிற்கும். இதனை முதலிற் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. ஒரு விதியை மாற்றினோம்; பலகையின் மறுகோடியில் உள்ள பிஷப்பின் தொழிலே மாறிற்று!

அடுத்த வினா, எத்தனை முறை என்பது. இதில் ஐயமில்லை, ஒருமுறைதான். எப்போதும் பாயலாமென்றால் அரசன் அரசனாய் இரான். தனியரசனை யானையால் ஒதுக்கிப் பிடிக்கும் முறை யாவர்க்கும் தெரியும்: யானை ஐந்தாம் வரிசையில் நின்றால், நான்காம் வரிசையில் உள்ள அரசன் அவ்வேலியைக் கடக்க மாட்டான். பாயும் அரசனோ நான்கினின்று ஆறுக்குத் தாவிவிடுவான். வேலியென்பதே பொருளற்றுப் போகும்.

மூன்றாவது, பாயும்போது எதிரியின் காயை வெட்டலாமா என்பது. இங்கே ஊர்களின் வழக்கம் பலவாறு மாறுபடும் என்று பாட்டனார் சொன்னார்; அவர் ஊரில் வெட்டலாகாது. யான் வெட்டலாம் என்று வைத்து ஆடிப் பார்க்க விரும்பினேன். அரை மணியில் குழப்பம் மிகுந்தது. வெட்டும் ஆற்றல் உண்டெனின், அரசன் குதிரைப் பாய்ச்சல் தொலைவில் உள்ள கட்டங்களையெல்லாம் தாக்குகின்றான் என்றாகிறது, ஆகவே எதிரி அரசன் அங்கெல்லாம் வரலாகாது, வந்தால் செக்கு. அரசன் அரசனுக்குச் செக்கு வைப்பதும், அவ்வாற்றல் ஒருமுறை செலவானதும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுவதும் ஆட்டத்தை வழக்காடுமன்றம் ஆக்கிவிடும். வெட்டுதல் இல்லையெனின் தாக்குதலும் இல்லை. சிக்கல் முழுதும் ஒரு சொல்லில் தீர்கின்றது. பாட்டனாரின் ஊரார் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தார்களோ இல்லையோ, அவர்கள் துணிவு சரியே.

செக்கில் இருக்கும்போது பாய்ந்து தப்பலாமா என்பது அடுத்தது. கோட்டை கட்டி ஒளிந்த அரசனை அவன் காலாட்களே அடைத்து நிற்க, எதிரியின் யானை முதல் வரிசையில் இறங்கிக் கொல்வது நாம் அடிக்கடி காணும் முடிவு. செக்கிலும் பாயலாமெனின், ஜி1-இல் அடைபட்ட அரசன் காலாட்களின் தலைமேல் எஃப்3-க்கோ எச்3-க்கோ தாவிவிடுவான். அவன் உரிமை செலவாகும்வரை எந்த முற்றுகையும் இறுதி முற்றுகை ஆகாது. “வீடு தீப்பிடித்தபின் கூரையைப் பிரிக்கலாமா, ஐயா? முந்தின நாளே படி வைத்திருக்க வேண்டும்” என்றார் பாட்டனார். எனவே செக்கிற் பாய்ச்சல் இல்லை.

அரசன் முன்பே ஓரடி நகர்ந்திருந்தால் உரிமை போகுமா? கம்போடியர் முதல் நகர்வில் மட்டும் என்பர். எங்கள் பாட்டனார் ஊரில் நடந்த அரசனும் பாயலாம். யாம் பின்னதையே கொண்டோம். இதனால் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருத்தல் என்னும் ஒரு கலை உண்டாகிறது. ஆயின் இதனோடு ஓர் இடையூறும் வந்தது. ஆட்டம் நீண்டபின், அரசன் பாய்ந்தானா இல்லையா என்பதை மறந்துவிடுகிறோம். எழுதி வைத்து ஆடாத கடற்கரை ஆட்டத்தில் சான்று ஏது? இதற்கும் பாட்டனாரிடம் பழைய வழியொன்று இருந்தது. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு புளியங்கொட்டை. பாய்ந்தால், அல்லது உரிமை கெட்டால், எதிரி அதனை எடுத்துக்கொள்வான். நகர வேறு வழியின்றி நிற்கும் அரசன் அடைபட்டுச் சமன் கேட்கும்போதும், கொட்டை இருக்கிறதா என்று பார்த்தாற் போதும். கொட்டையும் பாய இடமும் இருந்தால் சமன் இல்லை, பாய்ந்தே தீர வேண்டும்.

இவையெல்லாம் இருவரும் இசைந்த விதிகள். இசையாதது ஒன்றுண்டு, அதுவே இவ்வாட்டத்தின் உயிர்நிலை என்று இப்போது கருதுகிறேன். பாட்டனாரின் விதிப்படி, ஒருமுறை செக்குப் பட்ட அரசன் பிறகு எக்காலத்தும் பாயமாட்டான். அரசன் நகர்ந்தாலும் சரி, இடையில் வேறு காய் மறித்தாலும் சரி, செக்கு வைத்த காயை வெட்டினாலும் சரி, உரிமை போயிற்று. உலக விதியிற் கோட்டைக்கு இவ்வாறு இல்லை. செக்கில் இருக்கும் அந்நகர்வில்தான் கட்டலாகாது. அரசன் நகராமலே செக்கு நீங்கினால் பின்னர்க் கட்டலாம். (செக்குப் பட்டால் கோட்டை கட்டும் உரிமை அடியோடு போய்விடும் என்று நம் பிள்ளைகள் பலர் தவறாக நம்புவதை யாவரும் கண்டிருப்பர். அது வெறுந்தவறன்று, பழைய விதியின் எச்சமே என்பது என் ஊகம்.)

இவ்விதியின் கடுமையை முதல் ஆட்டத்திலேயே உணர்ந்தேன். யான் வெள்ளை, மந்திரியின் காலாளை இரண்டடி நகர்த்தினேன். பாட்டனார் தம் அரசனின் காலாளை ஓரடி நகர்த்தினார். யான் சி பத்திக் காலாளை இரண்டடி விட்டேன். அவருடைய பிஷப் பி4-க்கு வந்து நின்றது, செக்கு! யான் கவலையின்றி என் பிஷப்பை டி2-இல் மறித்தேன். அவர் கை நீட்டி என் புளியங்கொட்டையை எடுத்துத் தம் சட்டைப் பையிற் போட்டுக்கொண்டார். மூன்றாம் நகர்வு முடியுமுன் என் அரசன் ஆயுள் முழுதும் நடையாளன் ஆனான். மந்திரியின் காலாள் அசைந்தவுடன் அரசனை நோக்கிய குறுக்குவழி திறந்துவிடுகிறது. உலக ஆட்டத்தில் அஃது ஒரு பொருட்டன்று. இவ்வாட்டத்தில் அதுவே பெருந்தவறு. “சி காலாளை முதலில் ஓரடி வைத்து வாசலைச் சாத்து, பிறகு மந்திரியின் காலாளைத் தொடு” என்று அவர் அப்போதுதான் சொல்லிக்கொடுத்தார். வேண்டுமென்றே பிந்திச் சொன்னார் என்று நினைக்கிறேன். ஒரு திங்கட் கணக்கு அவரிடம் பாக்கியிருந்ததன்றோ?

யான் கோட்டைக்குரிய மென்மையான விதியை வைத்து ஆட வேண்டுமென்று வாதாடினேன். சில மாலைகள் அவ்வாறும் ஆடினோம். அதனால் விளைந்தது என் கட்சிக்கு வலுவூட்டவில்லை. உரிமை எளிதிற் கெடாததால் இருவரும் அதனைச் சேமித்து வைத்தோம். அரசர்கள் நடுவிலேயே அச்சமின்றி நின்றனர். கொட்டைகள் இறுதிவரை பலகையோரத்தில் உறங்கின. சலுகை இருந்தும் ஆட்டத்தில் அதற்கு வேலை இல்லை. கடுமையான விதியிலோ, முதல் நகர்விலிருந்தே ஒவ்வொருவரும் எதிரியின் கொட்டையைக் குறிவைக்கின்றனர். வீணான செக்கென்று ஒன்றில்லை. செக்கு வைக்க வந்த பிஷப்பைக் காலாளால் விரட்டி ஒரு நகர்வு ஆதாயம் பெற்றாலும், பறிபோன உரிமைக்கு அது ஈடாகுமா என்று எண்ண வேண்டியிருக்கிறது. ஆட்டம் சூடேறுகிறது. ஆயின் கடுமையிலும் ஒரு குறையுண்டு. ஒரு காயைப் பலி கொடுத்தேனும் செக்கு வைத்துவிட்டால் உரிமை போகிறது. அப்பலிக்காயை வெட்டியவன் பொருளைப் பெற்றும் நாட்டை இழந்தவன் ஆகிறான். இது முறையன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே யான் ஓர் இடைவழி சொன்னேன்: செக்கு வைத்த காயை, அரசனல்லாத வேறொரு காய் உடனே வெட்டிவிட்டால் மட்டும் உரிமை பிழைக்கட்டும், மறித்தாலும் நகர்ந்தாலும் போகட்டும். காவலின்றி வந்து செக்கு வைப்பவன் காயையும் இழந்து கொட்டையையும் பெறாமற் போவான்; காவலோடு வந்தவனை வெட்டினால் வெட்டிய காய்க்கு விலை கொடுக்க வேண்டிவரும். பாட்டனார் இதனை உடனே மறுக்கவில்லை. “பட்டவன் பட்டவன்தான்” என்று முதலிற் சொன்னவர், மூன்றாம் மாலையில் என் பலிக்காயொன்றைத் தம் குதிரையால் வெட்டிவிட்டு, கொட்டையை யான் எடுக்கப் போகையில் தம் கையால் மூடிக்கொண்டார். பிறகு தாமே நகைத்துத் திறந்துவிட்டார்; விதி இன்னும் எழுதப்படவில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது.

ஏனைய விதிகளைக் குறிப்பேட்டில் மையினால் எழுதியிருக்கிறேன். இவ்விதி மட்டும் இருவர் கூற்றாகவும் பக்கத்துக்கொன்றாய்ப் பென்சிலால் எழுதப்பட்டுள்ளது. கல்லூரி அன்பர்கள் எவரேனும் தம் ஊர்த் திண்ணையில் வேறு விதி ஆடக் கண்டிருப்பின், அதனை எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். அக்குறிப்பேட்டில் இன்னும் இடமுண்டு. ஆடிப் பார்க்க விரும்புவோர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த மாலைகளில் ஷ்மித் மண்டபத்தருகே வரலாம். புளியங்கொட்டைகளை மட்டும் அவரவரே கொண்டுவருதல் நலம், பாட்டனார் பையிற் சென்றவை திரும்புவதில்லை.